பையரிடம் பேசத் தயங்கும் புது மெர்ச்சண்டைசருக்கு

கேள்வி: "பி.காம். முடித்து, திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்திருக்கிறேன்; ஆர்டரை வாங்கியதிலிருந்து கப்பல் ஏற்றும் வரை கவனிக்கிற வேலை. பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி. பையருக்கு, அதாவது ஆர்டர் தருகிற வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு, ஒரு மெயில் எழுத அரை மணி நேரம் ஆகிறது. வீடியோ காலில் வாய் திறக்கவே பயமாக இருக்கிறது. தொழில்முறையில் பேசவும் எழுதவும் எப்படிக் கற்றுக்கொள்வது? ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா?"

வகுப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் மெயிலைப் படிக்கிறவர் யார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஹாம்பர்க்கிலோ மான்செஸ்டரிலோ உட்கார்ந்திருக்கும் அந்தப் பையரிடம் பங்களாதேஷ், துருக்கி, வியட்நாம் என்று பல நாட்டு சப்ளையர்களின் ஆர்டர்கள் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. ஹாம்பர்க்காரருக்கே இல்லை. உங்கள் இலக்கணத்தைத் திருத்த அவருக்கு நேரமும் கிடையாது, அக்கறையும் கிடையாது. இந்த ஆர்டர் சொன்ன தேதிக்கு வருமா, வராது என்றால் நான் இப்போது என்ன முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் அவர் கவலை. இந்த இரண்டுக்கும் பதில் சொல்கிற மெயில் நல்ல மெயில். அதில் ஒரு 'the' விட்டுப்போனாலும் ஒன்றும் ஆகாது.

நான் இத்தனை வருடத்தில் பார்த்தவரை, ஆர்டர் கைநழுவுவது ஆங்கிலக் குறைவால் அல்ல. தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருப்பதால். சொன்னாலும் எதுவும் புரியாதபடி சொல்வதால். தெரிந்ததைத் தெரிந்தவுடன், எண்ணும் தேதியும் சேர்த்து, எதிரில் இருப்பவர் முடிவெடுக்க வசதியாகச் சொல்லப் பழகுங்கள். தொழிலில் நல்ல கம்யூனிகேஷன் என்று நான் மதிப்பது இதைத்தான்.

உதாரணத்தோடு பார்க்கலாம். 12,000 டி-ஷர்ட், மூன்று கலர், கலருக்கு 4,000 பீஸ். தூத்துக்குடியில் கப்பல் கட்-ஆஃப், அதாவது சரக்கை ஒப்படைக்கக் கடைசி நாள், 24ஆம் தேதி. நேவி துணி டெஸ்டில் ஃபெயில்: ஈரத் துணியால் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறது, கிரேடு 3 வேண்டிய இடத்தில் 2 வந்திருக்கிறது. அடர் நிறங்களில் அடிக்கடி வருகிற பிரச்சினைதான். திரும்ப சோப்பிங், ஃபிக்ஸிங் (ஒட்டாத சாயத்தைக் கழுவி, மீதியை நிலைநிறுத்துவது) போட்டுத் தர சாயப்பட்டறை ஆறு நாள் கேட்கிறது.

இந்த நிலையில் பெரும்பாலும் போகிற மெயில் எப்படி இருக்கும் தெரியுமா? "நீங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். மேற்படி ஆர்டரில் டையிங்கில் எதிர்பாராத சில சிக்கல்கள் ஏற்பட்டுள்ளன. எங்களால் இயன்ற அளவு முயன்று வருகிறோம். சிரமத்துக்கு வருந்துகிறோம். ஒத்துழைப்பு தரவும்." ஆங்கிலத்தில் இது பிழையே இல்லாமல் இருக்கலாம். ஆனால் எந்தக் கலர், எத்தனை நாள், மற்ற இரண்டு கலர் என்ன ஆச்சு, நான் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றும் பையருக்குத் தெரியாது. அவர் திரும்பக் கேட்டு, நீங்கள் பதில் எழுதுவதற்குள் இரண்டு நாள் போய்விடும்.

இப்போது அதையே இப்படி எழுதிப் பாருங்கள். சப்ஜெக்ட் வரியில் ஆர்டர் எண், பிறகு "நேவி 6 நாள் தாமதம், வியாழனுக்குள் முடிவு தேவை". உள்ளே: "நேவி 4,000 பீஸ் 24ஆம் தேதிக் கப்பலைப் பிடிக்காது. வெள்ளையும் கிரேயும் திட்டப்படி வரும். நேவி துணி ஈரத் தேய்ப்பில் கிரேடு 2 வந்தது, உங்கள் தேவை 3. துணியை மறுபடி பிராசஸ் செய்கிறோம், ரீடெஸ்ட் ரிப்போர்ட் 19ஆம் தேதி அனுப்புகிறேன். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, 8,000 பீஸை 24ஆம் தேதியே ஏற்றிவிட்டு நேவியை அடுத்த கப்பலில் அனுப்புவது. இன்னொன்று, மூன்றையும் சேர்த்து அடுத்த கப்பலில் அனுப்புவது. முதல் வழி நல்லது என்று நினைக்கிறோம். பேக்கிங் லிஸ்ட் மாற்ற வேண்டியிருப்பதால், வியாழன் உங்கள் நேரம் மாலை 5 மணிக்குள் சொன்னால் உதவியாக இருக்கும். தாமதத்துக்கு வருந்துகிறேன்."

இதை ஆங்கிலத்தில் எழுத ப்ளஸ் டூ ஆங்கிலம் போதும். ஒரு கஷ்டமான சொல் கூட வேண்டாம். ஆனால் இதை எழுத, சாயப்பட்டறையிடம் கறாராகத் தேதி வாங்கியிருக்க வேண்டும், மற்ற கலர்கள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்று நேரில் பார்த்திருக்க வேண்டும், அடுத்த கப்பல் எப்போது என்று ஃபார்வர்டரிடம் (கப்பலில் இடம் பிடித்துத் தரும் ஏஜென்ட்) கேட்டிருக்க வேண்டும். உங்களுக்கு மெயில் எழுத அரை மணி நேரம் ஆகிறது என்றால், அதில் பாதி நேரம் ஆங்கிலத்துக்காகப் போவதில்லை என்பது என் சந்தேகம். கையில் தகவல் இல்லாமல் எழுத உட்கார்ந்தால் எந்த மொழியிலும் வாக்கியம் வராது. முதலில் ஒரு தாளில் தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள்: என்ன ஆச்சு, எத்தனை பீஸ், எப்போது சரியாகும், அவரிடம் என்ன கேட்கப் போகிறேன். நாலும் நிரம்பிய பிறகு கீபோர்டைத் தொடுங்கள்.

அந்த மெயிலில் இன்னும் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். வருத்தம் ஒரே வரிதான். மூன்று பத்தி மன்னிப்புக் கேட்டால், படிப்பவருக்கு நம்மீது இருக்கிற நம்பிக்கை குறையும். இன்னொன்று, "டையிங் யூனிட் சொதப்பிவிட்டது" என்ற வார்த்தையே இல்லை. பையர் ஆர்டர் கொடுத்தது உங்களுக்கு. உங்களுக்கு வெளியிலிருந்து வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் யூனிட்டை அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

சரி, அடுத்தது கஷ்டமான பகுதி. "இப்ப பையருக்குச் சொல்லாதீங்க, எப்படியாவது சமாளிச்சிடலாம்" என்று முதலாளி சொல்வார். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. சொன்னால் ஆர்டரை கேன்சல் செய்துவிடுவார்களோ, விலையில் டிஸ்கவுண்ட் கேட்பார்களோ என்ற பயம். கணக்குப் பார்த்தால், பெரும்பாலான சமயம் சொல்லாமல் இருப்பதுதான் அதிகச் செலவு வைக்கிறது. கட்-ஆஃபுக்கு மூன்று வாரம் முன்னால் சொன்னால் பையரால் கப்பலை மாற்ற முடியும், கடைக்குப் போகும் தேதியை மாற்ற முடியும், ஆர்டரைப் பிரிக்க முடியும். மூன்று நாள் முன்னால் சொன்னால் "ஏர்ல அனுப்புங்க, செலவு உங்களோடது" என்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. விமானச் சரக்குக் கட்டணம் கப்பலைப்போலப் பல மடங்கு. டி-ஷர்ட் மாதிரி விலை குறைந்த சரக்கில் அந்த ஒரு ஏர் ஷிப்மெண்ட் மொத்த லாபத்தையும் விழுங்கிவிடும்.

ஆகவே முதலாளியிடம் "சார், உண்மையைச் சொல்லிடலாம்" என்று நியாயம் பேசிக்கொண்டு போகாதீர்கள். எண்ணோடு போங்கள். "அண்ணா, இன்னைக்குச் சொன்னா நாலாயிரம் பீஸ் அடுத்த கப்பலுக்குப் போகும், நமக்கு எக்ஸ்ட்ரா செலவு இவ்வளவுதான். இருபதாம் தேதி சொன்னா நாலாயிரமும் ஏர்ல போகணும், கிலோவுக்கு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு ஆகுதுங்க. எது பண்ணலாம்?" எழுதிய தாளை அவர் முன்னால் வையுங்கள். முடிவை அவர் எடுக்கட்டும். அவர் வியாபாரி, கணக்குப் புரியும். மெயிலின் வரைவையும் கையோடு காட்டினால், "இதுல தப்பா ஒண்ணும் இல்லையே, அனுப்பு" என்று சொல்வதற்கு வாய்ப்பு அதிகம். மேலே இருப்பவரிடம் மரியாதை குறையாமல் மாற்றுக் கருத்துச் சொல்லப் பழகுவது, பையரிடம் பேசுவதைவிட முக்கியமான திறமை என்று நான் நினைக்கிறேன். எந்த வகுப்பிலும் இதைச் சொல்லித் தருவதில்லை.

நம் கையில் இல்லாத தாமதத்துக்கும் இது பொருந்தும். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், டிசம்பரிலிருந்து பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஐரோப்பாவுக்குப் பத்து நாளுக்கு மேல் கூடுதலாக ஆனது. எஃப்ஓபி ஒப்பந்தத்தில் கப்பலில் ஏற்றியதோடு நம் பொறுப்பு முடிகிறது, அதனால் அது பையரின் தலைவலி என்று நினைக்கத் தோன்றும். செய்தி எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் தன்னுடைய எந்த ஆர்டர் எவ்வளவு தள்ளிப்போகும் என்பது பையருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். "உங்கள் மூன்று ஆர்டரில் இரண்டை ஒரு வாரம் முன்னதாகவே முடித்துத் தர முடியும், வேண்டுமா?" என்று தானாகவே எழுதுகிற மெர்ச்சண்டைசரை எந்தப் பையரும் மறக்க மாட்டார்.

இனி எண்களைப் பற்றி. இதில் விழுகிற அடி ஆங்கிலப் பிழையைவிடப் பெரியது. 07/08 என்று தேதி எழுதினால் அமெரிக்கருக்கு அது ஜூலை 8, ஐரோப்பியருக்கு ஆகஸ்ட் 7. ஒரு மாத வித்தியாசம். மாதத்தை எப்போதும் எழுத்திலேயே எழுதுங்கள். 1,50,000 என்று நாம் கமா போடுகிற முறை வெளிநாட்டில் தட்டச்சுப் பிழை மாதிரித் தெரியும், 150,000 என்று எழுதுங்கள். ஜெர்மன்காரர்கள் தசமத்துக்குக் கமாவும் ஆயிரத்துக்குப் புள்ளியும் போடுவார்கள். அவர்கள் ஷீட்டில் 1.500 என்று இருந்தால் அது ஆயிரத்து ஐந்நூறு. மெஷர்மெண்ட் சார்ட்டில் அங்குலமா சென்டிமீட்டரா, மார்பளவு அரைச் சுற்றா முழுச் சுற்றா, அக்குளிலிருந்து எவ்வளவு கீழே அளப்பது என்பதையெல்லாம் முதல் சாம்பிளுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் வேண்டாம். அனுபவமுள்ளவர்கள்தான் இதைக் கேட்பார்கள் என்பது பையருக்குத் தெரியும்.

நேரமும் அப்படித்தான். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் ஐந்தரை மணி. "நாளை காலை அனுப்புகிறேன்" என்றால் யாருடைய காலை? "உங்கள் நேரம் காலை 10 மணிக்குள்" என்று எழுதுங்கள்.

இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டை எழுத்தில் விளக்கும்போது எண்ணின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். 12,000 பீஸ் லாட்டில் வழக்கமான லெவல் 2 (எத்தனை பீஸ் எடுப்பது என்ற அளவு), ஏக்யூஎல் 2.5 (எவ்வளவு குறை வரை ஏற்பது என்ற அளவு) என்றால் 315 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். மேஜர் டிஃபெக்ட் (பெரிய குறை) 14 வரை பாஸ், 15 ஆனால் ஃபெயில். ஃபெயில் ஆனதும் "சில பீஸ்களில் சிறு குறை, சரிசெய்கிறோம்" என்று எழுதினால் பையருக்குக் கோபம்தான் வரும். "315இல் 17 மேஜர். அதில் 11 தோள்பட்டைத் தையல் விட்டது, பதினொன்றும் ஒரே லைனில் தைத்தவை. அந்த லைனில் தைத்த 2,300 பீஸையும் பிரித்து நூறு சதவீதம் செக் செய்கிறோம், புதன் மாலை ரீஇன்ஸ்பெக்ஷனுக்குத் தயார்" என்று எழுதினால், குறை எங்கே பிறந்தது என்று நமக்குத் தெரிந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிடும். பிரச்சினை வராத ஃபேக்டரி உலகத்திலேயே இல்லை, அது அவருக்கும் தெரியும்.

ஆனால் "பதினொன்றும் ஒரே லைனில் தைத்தவை" என்ற தகவல் எங்கிருந்து வரும்? ஃப்ளோரிலிருந்து. கேள்வியில் நீங்கள் பையரைப் பற்றி மட்டும்தான் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வேலையில் பாதிப் பேச்சு தமிழில், கட்டிங் மாஸ்டரோடும் பவர் டேபிள் (தையல்) காண்ட்ராக்டரோடும் சாயப்பட்டறை சூப்பர்வைசரோடும் நடக்கிறது. அங்கே சரியாகப் பேசாமல் பையரிடம் சரியாகப் பேச முடியாது.

"முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டால் "ஆயிட்டே இருக்குங்க" என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். "காலைல இருந்து லைன்ல எத்தனை பீஸ் எறங்கியிருக்குங்க? செக்கிங் முடிச்சு அயனிங்குக்குப் போனது எத்தனை?" என்று கேளுங்கள். எண் வரும். எண் வரவில்லை என்றால் வேலை தொடங்கவில்லை என்று அர்த்தம், அதுவும் உங்களுக்குத் தேவையான தகவல்தான். "இன்னைக்கு டெலிவரி வந்துடுமா?" என்பதற்குப் பதில் "துணி இப்ப எந்த மெஷின்ல இருக்குங்க, காம்பாக்டிங் போயாச்சா?" என்று, துணியின் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் அந்தக் கடைசிக் கட்டம் வரை கேளுங்கள். ஒரு தடவையாவது நேரில் போய் அந்த மெஷினைப் பார்த்தவர் கேட்கிற கேள்விக்கும் ஏசி ரூமில் இருந்து போன் போடுகிறவர் கேள்விக்கும் வித்தியாசம் அவர்களுக்கு உடனே தெரியும்.

வயதில் பெரியவரான கட்டிங் மாஸ்டரிடம் "ஷ்ரிங்கேஜ் சேர்த்து வெட்டுங்க" என்று உத்தரவு போடுவதைவிட, "மாஸ்டர், இந்தத் துணி நீளத்துல ஆறு சதவீதம் சுருங்குது, பேட்டர்ன்ல எவ்வளவு சேர்க்கலாங்க?" என்று கேட்பது நல்லது. அவருக்கு நாற்பது வருட அனுபவம் இருக்கும். நீங்கள் சொல்லாத ஏதோ ஒன்றை அவர் கவனித்திருக்கவும் கூடும். பேசி முடித்ததை ஒரு சின்னச் சீட்டில் எழுதி, தமிழில், கட்டிங் டேபிளில் ஒட்டிவிடுங்கள். ஆங்கில டெக் பேக்கை (அளவும் வடிவமும் அடங்கிய பையரின் குறிப்பு) அப்படியே ஃப்ளோருக்கு அனுப்பிவிட்டு "நான்தான் கொடுத்தேனே" என்பது தகவல் சொன்னதாகாது.

வீடியோ கால் பயத்துக்கு வருகிறேன். கால் தொடங்குவதற்கு முன் ஆர்டர் எண், ஸ்டைல், இன்றைய நிலை, அடுத்த தேதி என்று ஒரு பக்கம் தயார் செய்து, முதல் நாளே பையருக்கு அனுப்பிவிடுங்கள். பேச்சு அந்தத் தாளைச் சுற்றியே நடக்கும், கேள்விகளும் அதிலிருந்தே வரும். அவர் பேசுகிற ஆங்கிலம் புரியவில்லை என்றால் தலையாட்டாதீர்கள். "ஆர்டர் எண்ணைச் சொல்லுங்கள்", "அதைச் சாட்டில் டைப் செய்ய முடியுமா" என்று கேட்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை. பதில் தெரியாவிட்டால் ஊகித்துச் சொல்லாதீர்கள். "செக் செய்து உங்கள் நேரம் மதியம் 2 மணிக்குள் எழுதுகிறேன்" என்று சொல்லி, 2 மணிக்குள் எழுதுங்கள். பதில் கிடைக்காவிட்டாலும், இன்னும் கிடைக்கவில்லை என்று 2 மணிக்கு எழுதுங்கள். இதைக் கொஞ்ச நாள் தவறாமல் செய்தாலே பையர் உங்கள் பெயரைத் தேடிப் பேசுவார்.

விமான ஓட்டிகள், கட்டுப்பாட்டு அறை அனுமதி தந்ததும் அதை அப்படியே திரும்பச் சொல்லிக் காட்ட வேண்டும் என்பது விதி. கேட்டது சரிதானா என்று இரு பக்கமும் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். நீங்களும் அதைச் செய்யலாம். கால் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள், என்ன முடிவானது, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று ஐந்தாறு வரியில் மெயில் போடுங்கள். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அன்றைக்கே திருத்தம் வரும், துணி வெட்டிய பிறகு வராது. பேசும்போது திணறியிருந்தாலும் இந்த மெயில் அதை ஈடுகட்டிவிடும்.

வாட்ஸ்அப்பில் லேப் டிப் (சாயத்தின் சாம்பிள் துண்டு) ஓகே, பட்டன் ஓகே என்று அப்ரூவல் வருவது இப்போது சகஜம். வந்தவுடன் ஸ்கிரீன்ஷாட்டோடு மெயிலில் ஒரு வரி போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தப் பையர் ஆறு மாதத்தில் வேலை மாறிப் போனால், அவர் போனில் இருந்த ஓகே அவரோடு போய்விடும்.

பயிற்சி என்று கேட்டால், நான் புதியவர்களுக்குச் சொல்வது இதுதான். உங்கள் சென்ட் ஃபோல்டரைத் திறந்து, பையர் திரும்பக் கேள்வி கேட்ட மெயில்களை மட்டும் தேடி எடுங்கள். அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் நீங்கள் முதல் மெயிலில் சொல்லாமல் விட்ட விஷயம். அதைச் சேர்த்து அந்த மெயிலைத் திரும்ப எழுதிப் பாருங்கள். அப்புறம், உங்கள் கம்பெனியில் நன்றாக எழுதுகிற சீனியர் ஒருவரின் பழைய மெயில்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தாமதம், விலை உயர்வு, சாம்பிள் ரிஜெக்ட், ஷார்ட் ஷிப்மெண்ட் என்று இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப எழுத வேண்டிய விஷயங்கள் கொஞ்சம்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல மாதிரி கையில் இருந்தால் அரை மணி நேரம் பத்து நிமிடமாகிவிடும். வாய்க்கு, அனுப்பிய மெயிலையே தனியாகச் சத்தமாகப் படியுங்கள். நாளைக்கு வீடியோ காலில் பேசப்போவதும் அதே வாக்கியங்கள்தான்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாம். காது பழகும், கூச்சம் போகும், அதற்கு அது நல்லது. ஆனால் தினமும் உங்களைப் பேசவைக்கிற வகுப்பாகப் பாருங்கள், இலக்கணப் பயிற்சித் தாள் தருகிற இடமாக வேண்டாம். உச்சரிப்பை மாற்றித் தருகிறேன், பர்சனாலிட்டியை வளர்த்துத் தருகிறேன் என்று பெரிய தொகை கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கும் நேரத்துக்கும், லீவு நாளில் ஒரு சாயப்பட்டறையிலும் ஒரு டெஸ்டிங் லேபிலும் அனுமதி கேட்டு நாள் முழுக்க நின்று பாருங்கள். பையர் அடுத்த முறை "ஏன் ஆறு நாள்? மூன்று நாளில் முடியாதா?" என்று கேட்கும்போது உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கும்.